வீழ்படிவு விழுமா, விழாதா: கரைதிறன் விதிகள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

லெட் (ஈயம்) நைட்ரேட் கரைசல் வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பொட்டாசியம் அயோடைடு கரைசலும் அப்படித்தான். ஒன்றை மற்றொன்றில் ஊற்றியவுடன் சோதனைக் குழாய் முழுக்க மஞ்சள் பரவும். கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் அடியில் போய்ப் படியும். இப்படிக் கரைசலிலிருந்து பிரிந்து விழும் திண்மம்தான் வீழ்படிவு. பள்ளி ஆய்வகத்தில் இதைப் பார்த்தவர்கள் அந்த நிறத்தை மறப்பதில்லை. அதே அலமாரியிலிருந்து சோடியம் குளோரைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் எடுத்துக் கரைத்துக் கலந்தாலோ ஒன்றுமே நடக்காது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நடக்காது. கலப்பதற்கு முன்பே, தாளில் எழுதிப் பார்த்தே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட முடியுமா?

முடியும். கரைதிறன் விதிகள் அதற்காகத்தான் இருக்கின்றன. மேல்நிலை வகுப்புகளில் பெரும்பாலான மாணவர்கள் இவற்றை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள், செய்முறைத் தேர்வு முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். அந்தப் பட்டியல் தூத்துக்குடி உப்பளத்திலும், தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றிலும், மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதோடு, பட்டியல் ‘கரையும்’, ‘கரையாது’ என்று இரண்டே பதில்தான் தரும். இயற்கை கேட்கும் கேள்வி ‘எவ்வளவு கரையும்?’ என்பது. முதல் கேள்வியை நன்றாகப் பழகியவர்களுக்குத்தான் இரண்டாவது கேள்வி பிடிபடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

லெட் நைட்ரேட் நீரில் கரைந்ததும் அது லெட் நைட்ரேட்டாக இருப்பதில்லை. மின்சுமை கொண்ட துகள்களான லெட் அயனியும் நைட்ரேட் அயனியும் தனித்தனியே நீர் மூலக்கூறுகள் சூழ மிதக்கின்றன. மற்ற குழாயில் பொட்டாசியம் அயனியும் அயோடைடு அயனியும். கலக்கும்போது நான்கு வகை அயனிகளும் ஒரே நீரில் வந்து சேர்கின்றன. இவற்றில் நேர்மின் அயனி ஒன்றும் எதிர்மின் அயனி ஒன்றும் சேர்ந்து உருவாகக்கூடிய புதிய ஜோடிகள் இரண்டுதான்: லெட்டும் அயோடைடும், பொட்டாசியமும் நைட்ரேட்டும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று நீரில் கரையாத பொருளா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. பொட்டாசியம் நைட்ரேட் நன்றாகக் கரையும், அதை விட்டுவிடலாம். லெட் அயோடைடு கரையாது. அதுதான் மஞ்சளாக விழுகிறது.

பொட்டாசியமும் நைட்ரேட்டும் கலப்பதற்கு முன்பு எப்படி மிதந்தனவோ அப்படியே இப்போதும் மிதக்கின்றன. அவற்றைப் பார்வையாளர் அயனிகள் என்கிறோம். அவற்றை நீக்கிவிட்டு எழுதினால் நடந்த வினை ஒரே வரிதான்: ஒரு லெட் அயனியும் இரண்டு அயோடைடு அயனிகளும் சேர்ந்து திண்மமான லெட் அயோடைடு. இதுவே நிகர அயனிச் சமன்பாடு. இதன் பயன் பெரிது. லெட் நைட்ரேட்டுக்குப் பதில் லெட் அசிட்டேட் எடுத்தாலும், பொட்டாசியம் அயோடைடுக்குப் பதில் சோடியம் அயோடைடு எடுத்தாலும் அதே மஞ்சள்தான் விழும் என்பது இந்த ஒரே வரியிலிருந்து தெரிந்துவிடுகிறது.

சோடியம் குளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட் ஜோடியில் என்ன ஆகிறது? புதிய ஜோடிகள் சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும். இரண்டுமே கரைபவை. அப்படியானால் நான்கு அயனிகளும் பார்வையாளர்கள். வினை என்று எதுவுமே இல்லை. இங்கே இரட்டை இடப்பெயர்ச்சிச் சமன்பாடு ஒன்றை எழுதி, வலப்பக்கம் இரண்டு விளைபொருள்களைப் போட்டு முடிக்கும் வழக்கம் மாணவர்களிடம் நிறைய இருக்கிறது. தாளில் அது சமன்பாடு போலத் தெரியும். குழாயில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சரி, எது கரையும், எது கரையாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விதிகளை ஒரு வரிசையில் வைத்துக்கொண்டால் போதும். மேலே இருக்கும் விதி கீழே இருப்பதை வெல்லும். முதலில் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம்: இவற்றின் சாதாரண உப்புகள் அனைத்தும் கரையும், எதிரே எந்த அயனி இருந்தாலும் சரி. அடுத்து நைட்ரேட், அசிட்டேட்: இவையும் அப்படியே. அதனால்தான் ஆய்வக அலமாரியில் சில்வரும் லெட்டும் நைட்ரேட்டாகவும் அசிட்டேட்டாகவும் நிற்கின்றன. அந்த உலோக அயனிகளைக் கரைசலில் வைத்துக்கொள்ள அதுவே எளிய வழி. மூன்றாவதாக குளோரைடு, புரோமைடு, அயோடைடு: பெரும்பாலும் கரையும், சில்வர், லெட், மெர்குரஸ் (பாதரசத்தின் ஒரு வகை அயனி) மூன்றும் விதிவிலக்கு. நான்காவதாக சல்பேட்: பெரும்பாலும் கரையும்; பேரியம், ஸ்ட்ரான்சியம், லெட் விதிவிலக்கு, கால்சியம் நடுவில் நிற்கிறது. இதற்குக் கீழே எல்லாம் தலைகீழ். கார்பனேட், பாஸ்பேட், சல்பைடு, ஹைட்ராக்சைடு ஆகியவை பெரும்பாலும் கரையாதவை. முதல் விதியில் வந்த சோடியம், பொட்டாசியம், அம்மோனியத்தோடு சேர்ந்தால் கரையும். ஹைட்ராக்சைடில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் தப்பித்துக்கொள்கின்றன. சல்பைடில் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் அடங்கிய கால்சியம் குடும்பம் தப்பிக்கிறது.

இவ்வளவுதான் பட்டியல். உப்புப் பகுப்பாய்வுச் செய்முறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. சில்வர் நைட்ரேட் சேர்த்ததும் தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு வந்தால் குளோரைடு என்று எழுதுகிறோம். ஆனால் அதற்கு முன் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்க்கச் சொல்வார்கள். ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. பட்டியலைப் பாருங்கள்: கார்பனேட்டும் சில்வரோடு சேர்ந்தால் விழும். உப்பில் கார்பனேட் இருந்தால் அதுவும் வெளுப்பாக விழுந்து குளோரைடு போலக் காட்டிவிடும். அமிலம் சேர்த்தால் கார்பனேட், கார்பன் டைஆக்சைடாக நுரைத்து வெளியேறிவிடும்; பிறகு விழுவது ஹாலைடுதான் (குளோரைடு, புரோமைடு, அயோடைடு வகை) என்று நம்பலாம். அமிலம் ஏன் நைட்ரிக் அமிலமாகவே இருக்க வேண்டும்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் நாமே குளோரைடைச் சேர்த்தவர்களாகிவிடுவோம். சல்பேட் சோதனையில் பேரியம் குளோரைடுக்கு முன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். செய்முறைக் குறிப்பேட்டில் ஒரு வரியாக இருக்கும் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் இப்படி ஒரு கரைதிறன் விதி இருக்கிறது.

ஏன் இந்தப் பட்டியல் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். ஓர் உப்பு கரைவதா வேண்டாமா என்பதை இரண்டு இழுப்புகள் முடிவு செய்கின்றன. படிகத்துக்குள் நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கின்றன; அது படிகக்கூடு ஆற்றல். வெளியே நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்து தம் பக்கம் இழுக்கின்றன. அது நீரேற்ற ஆற்றல். இவற்றோடு, திண்மம் உடைந்து அயனிகள் சிதறும்போதும் நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சுற்றி ஒழுங்காக அடையும்போதும் என்ட்ரோபியில், அதாவது ஒழுங்கின்மையின் அளவில், வரும் மாற்றமும் சேர்கிறது. சிறிய அயனிகளுக்கும் மின்சுமை அதிகமான அயனிகளுக்கும் இரண்டு இழுப்புமே வலுவாக இருக்கும். அதனால் விடை பல நேரங்களில் இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலான சிறிய வித்தியாசமாக வந்து நிற்கிறது. ஒற்றை வரியில் எல்லாவற்றையும் விளக்கும் விதி கிடைக்காமல் போவது இதனால்தான்.

ஆனாலும் ஒரு போக்கு இருக்கிறது, அது மிக அழகான போக்கு. நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் அளவில் ஒத்துப்போனால் படிகம் உறுதியாக அமைகிறது, கரைவது குறைகிறது. ஒன்று சிறியதாகவும் மற்றொன்று பெரியதாகவும் இருந்தால் கரைவது கூடுகிறது. மக்னீசியம் சிறிய அயனி, பேரியம் பெரிய அயனி. சல்பேட் பெரியது, ஹைட்ராக்சைடு சிறியது. இப்போது நான்கு சேர்மங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்னீசியம் சல்பேட் ஒரு லிட்டர் நீரில் 300 கிராமுக்கு மேல் கரையும். பேரியம் சல்பேட் சுமார் 2.4 மில்லிகிராம்தான். ஹைட்ராக்சைடுக்கு வந்தால் கதை திரும்புகிறது: மக்னீசியம் ஹைட்ராக்சைடு பத்து மில்லிகிராம் அளவில் நின்றுவிடுகிறது, பேரியம் ஹைட்ராக்சைடு பத்துக் கணக்கான கிராம் கரைகிறது. சல்பேட் விதியிலும் ஹைட்ராக்சைடு விதியிலும் பேரியம் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பதன் காரணம் இதுதான். இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்த இரண்டு விதிவிலக்குகளையும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

சில்வர் வேறு வகை. சில்வர் ஃப்ளோரைடு நீரில் தாராளமாகக் கரையும். லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேல். சில்வர் குளோரைடோ இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. புரோமைடு அதைவிடக் குறைவு, அயோடைடு இன்னும் குறைவு. இங்கே அளவு ஒத்துப்போவது மட்டும் காரணம் இல்லை. சில்வர் அயனி, தன் எதிரே இருக்கும் பெரிய, எளிதில் உருக்குலையும் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிணைப்பில் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புத் தன்மை கலந்துவிடுகிறது. ஃபஜான் விதி பேசுவது இதைத்தான். அயோடைடின் மேகம் மிகப் பெரியது, ஆகவே அதுவே மிகக் குறைவாகக் கரைகிறது. லெட்டும் மெர்குரஸும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை.

இதுவரை பட்டியலின் பலம். இனி அது எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்க்கலாம்.

லெட் குளோரைடு ‘கரையாது’ என்று பட்டியலில் இருக்கிறது. 0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) லெட் நைட்ரேட்டையும் அதே செறிவுள்ள சோடியம் குளோரைடையும் சம அளவில் கலந்து பாருங்கள். எதுவும் விழாது. கரைசலில் அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண் எந்த எல்லைவரை போகலாம் என்பதே கரைதிறன் பெருக்கம்; லெட் குளோரைடுக்கு அது சுமார் 1.7 × 10⁻⁵. இரண்டு கரைசல்களும் சேர்ந்ததும் கன அளவு இரட்டிப்பாகிறது, ஆகவே ஒவ்வொன்றின் செறிவும் 0.01 மோலாராகக் குறைகிறது. லெட் செறிவை குளோரைடு செறிவின் இருமடியால் பெருக்கினால் 1 × 10⁻⁶. இது கரைதிறன் பெருக்கத்தைவிடக் குறைவு. நீருக்கு இன்னும் இடம் இருக்கிறது. 0.1 மோலார் கரைசல்களை எடுத்தால் கலந்த பின் 0.05, பெருக்கம் 1.25 × 10⁻⁴ ஆகிவிடும், வெள்ளை வீழ்படிவு விழும். அதே இரண்டு அயனிகள், அதே விதி, ஆனால் விடை வேறு. அயனிப் பெருக்கம் கரைதிறன் பெருக்கத்தைத் தாண்டுகிறதா என்பதுதான் உண்மையான விதி. பட்டியல் அதன் சுருக்கம். சாதாரணமாக ஆய்வகத்தில் பயன்படுத்தும் செறிவுகளுக்கு மட்டும் பொருந்தும் சுருக்கம்.

உப்புப் பகுப்பாய்வில் உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும்போது லெட் முதல் தொகுதியிலும் வரும், இரண்டாம் தொகுதியிலும் வரும். ஒரே அயனிக்கு ஏன் இரண்டு இடம் என்று பலர் குழம்புவார்கள். மேலே போட்ட கணக்குதான் காரணம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லெட் குளோரைடு முழுவதும் விழுவதில்லை, ஒரு பங்கு கரைசலிலேயே தங்கிவிடுகிறது. அந்த மிச்சம், ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தும் இரண்டாம் தொகுதியில் கருப்பாக லெட் சல்பைடாக விழுகிறது. சல்பைடுகளிலேயே இன்னொரு பாடம் உண்டு. காப்பர் சல்பைடும் ஜிங்க் சல்பைடும் பட்டியலில் ஒரே வரியில், ‘கரையாதவை’ என்று நிற்கின்றன. ஆனால் அவற்றின் கரைதிறன் பெருக்கங்களுக்கு இடையே பத்தின் பத்து அடுக்குக்கும் மேலான வித்தியாசம். அமிலக் கரைசலில் சல்பைடு அயனியின் செறிவு மிகக் குறைவு. அந்தச் சொற்பமே காப்பருக்குப் போதும், ஜிங்குக்குப் போதாது. அம்மோனியா சேர்த்துக் காரமாக்கிய பிறகுதான் ஜிங்க் விழும். இரண்டாம் தொகுதியும் நான்காம் தொகுதியும் பிரிவது இப்படித்தான். மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் ஹைட்ராக்சைடுக்கு முன்னால் அம்மோனியம் குளோரைடு சேர்ப்பதும் பொது அயனி விளைவைப் (ஒரு பொருள் தரும் அயனிகளில் ஒன்றை வெளியிலிருந்தும் சேர்த்தால் அந்தப் பொருள் அயனியாகப் பிரிவதோ கரைவதோ குறைவது) பயன்படுத்தி ஹைட்ராக்சைடு அயனியைக் குறைத்து வைக்கத்தான். இரும்பும் அலுமினியமும் விழ வேண்டும், மக்னீசியம் விழக்கூடாது.

கரைதிறன் பெருக்கங்களை நேரடியாக ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. சில்வர் குளோரைடுக்கு 1.8 × 10⁻¹⁰, சில்வர் குரோமேட்டுக்கு 1.1 × 10⁻¹². சிறிய எண் உடைய குரோமேட்தான் குறைவாகக் கரையும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் குரோமேட்தான் மோல் கணக்கில் ஐந்து மடங்கு அதிகம் கரைகிறது, ஏனென்றால் அதில் சில்வர் அயனி இரண்டு, அதன் செறிவை இருமடியாக்க வேண்டும். குடிநீரில் குளோரைடு அளக்கும் மோர் (Mohr) முறை இதை நம்பித்தான் நடக்கிறது. நீரில் கொஞ்சம் பொட்டாசியம் குரோமேட் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். குளோரைடு இருக்கும்வரை வெள்ளைதான் விழும். அது தீர்ந்த பிறகே செங்கல் நிறத்தில் சில்வர் குரோமேட் தலைகாட்டும். அந்த நிறம் வந்ததும் நிறுத்தி, எவ்வளவு சில்வர் நைட்ரேட் செலவானது என்று பார்த்தால் குளோரைடின் அளவு கிடைத்துவிடும்.

வெப்பநிலையும் எண்ணை மாற்றும். தொடக்கத்தில் பார்த்த லெட் அயோடைடு, 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 0.7 கிராம் கரையும். கொதிநீரில் 4 கிராம் அளவுக்குக் கரையும். அந்த மஞ்சள் வீழ்படிவை நிறைய நீரில் சூடாக்கினால் நிறமே இல்லாமல் கரைந்துபோகும். மெதுவாக ஆறவிட்டால் பொன்துகள் போன்ற மெல்லிய தகடுகளாகத் திரும்ப வந்து மினுங்கிக்கொண்டே இறங்கும். வேதியியல் செய்முறைகளில் இதைவிட அழகானதை நான் பார்த்ததில்லை. லெட் சேர்மங்கள் நச்சு; ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, கழிவைத் தனியே சேகரித்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

நச்சு என்றதும் பேரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரைந்த பேரியம் அயனி உடலுக்குள் போனால் இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு சரியும், தசைகள் செயலிழக்கும், இதயத் துடிப்பு குலையும். அப்படிப்பட்ட பேரியத்தை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கொடுப்பது பேரியம் சல்பேட். லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் மட்டுமே கரையும் அந்த வெண்ணிறக் குழம்பு, உணவுக்குழாயையும் குடலையும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று காட்டிவிட்டு, கரையாமலேயே வெளியேறிவிடுகிறது. பேரியம் கார்பனேட்டும் பட்டியலில் கரையாததுதான். ஆனால் அது தூய நீரில். இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கார்பனேட்டைத் தின்றுவிட்டு பேரியத்தைக் கரைசலில் விட்டுவிடும். சல்பேட் வலிமையான அமிலத்திலிருந்து வந்த அயனி என்பதால் அதை இரைப்பை அமிலம் பெரிதாக அசைப்பதில்லை. 2003-ல் பிரேசிலில், எக்ஸ்ரேக்காக விற்கப்பட்ட பேரியம் சல்பேட்டில் கார்பனேட் கலந்திருந்ததால் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பட்டியலில் ‘கரையாது’ என்று எழுதியிருப்பது எந்த நீரில் என்று கேட்காமல் விடுவது சில இடங்களில் உயிர்ப் பிரச்சினை. பேரியம் நஞ்சுக்கு முதலுதவியாகக் கொடுப்பது சோடியம் சல்பேட் அல்லது மக்னீசியம் சல்பேட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குடலில் மிச்சமிருக்கும் பேரியம் சல்பேட்டாக விழுந்துவிட்டால் இரத்தத்துக்குள் போகாது.

இயற்கை நீர் தூய நீராக இருப்பதே இல்லை. கடல் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், சல்பேட் சுமார் 2,700 மில்லிகிராம். மோலாராக மாற்றிப் பெருக்கினால் 2.9 × 10⁻⁴ வருகிறது. கால்சியம் சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம் 10⁻⁵ அளவில்தான் இருக்கிறது. கணக்குப்படி கடல் முழுவதும் ஜிப்சம் (நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்) விழுந்துகொண்டே இருக்க வேண்டும். விழுவதில்லை. கடலில் சோடியமும் குளோரைடும் மக்னீசியமும் அடர்த்தியாக இருக்கின்றன. ஒவ்வொரு கால்சியம் அயனியையும் எதிர்மின் அயனிகள் சூழ்ந்து அதன் மின்புலத்தை மங்கச் செய்கின்றன. சல்பேட்டில் ஒரு பங்கு மக்னீசியத்தோடும் சோடியத்தோடும் தற்காலிக இணையாகத் திரிகிறது. அதனால் செறிவு அதிகமாகத் தெரிந்தாலும் வினையில் இறங்கக்கூடிய பங்கு குறைவு. பாடப்புத்தகக் கணக்கு நீர்த்த கரைசல்களுக்கானது. கடல் நீருக்கு அதைத் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

கடல் நீரைச் சுண்ட விட்டால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் நேரில் பார்க்கலாம். வெயிலில் நீர் ஆவியாகும்போது முதலில் கால்சியம் கார்பனேட் விழுகிறது. நீர் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் பாத்தியின் அடியில் படிகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டியபோதுதான் சோடியம் குளோரைடு, நமது சோற்று உப்பு, விளைகிறது. உப்பளத்தில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக்கொண்டே போவதன் அடிப்படை இந்த வரிசைதான்: ஜிப்சத்தை முன்பாத்திகளிலேயே விட்டுவிட்டு வந்தால்தான் உப்பு சுத்தமாகக் கிடைக்கும். அதுபோலவே, உப்பு வாரிய பிறகு மிஞ்சும் நீரை வெளியேற்றவும் வேண்டும்; அதில் மக்னீசியம் சேர்மங்கள் குவிந்திருக்கும், அதையும் வற்றவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். சோடியம் குளோரைடு முதல் விதிப்படி ‘எப்போதும் கரையும்’ உப்பு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, லிட்டருக்கு சுமார் 360 கிராம்; அந்த எல்லையைத் தாண்ட வைப்பதுதான் உப்பளத் தொழிலாளியின் உழைப்பு.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர். அங்கே பல ஊர்களில் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் அந்த நீரைக் குடித்தவர்களின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகின்றன. இந்த நோய் இந்தியாவில் முதலில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. உலக சுகாதார அமைப்பின் எல்லையும் 1.5-தான்.

இங்கே பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தால் என்ன சொல்லும்? கால்சியம் ஃப்ளோரைடு கரையாது. அப்படியானால் நீரில் சுண்ணாம்பைப் போட்டு ஃப்ளோரைடை விழவைத்துவிடலாமே? கணக்குப் போடுவோம். கால்சியம் ஃப்ளோரைடின் கரைதிறன் பெருக்கம் சுமார் 3.5 × 10⁻¹¹. தூய நீரில் அது லிட்டருக்கு 16 மில்லிகிராம் கரையும். அதில் ஃப்ளோரைடின் பங்கு மட்டும் சுமார் 8 மில்லிகிராம். சோதனைக் குழாய்க்கு 8 மில்லிகிராம் பூச்சியம் மாதிரிதான். குடிநீருக்கு அது அனுமதித்த அளவைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். ‘கரையாத’ பொருள் ஒன்று, பற்களைக் கெடுக்கப் போதுமான அளவுக்குக் கரைகிறது. கால்சியத்தை மிகுதியாகச் சேர்த்தால் பொது அயனி விளைவால் ஃப்ளோரைடு குறையும்தான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் இருந்தாலும் கணக்கு 2.2 மில்லிகிராம் ஃப்ளோரைடில் வந்து நிற்கிறது. மற்ற உப்புகளும் கலந்த உண்மை நீரில் இந்த எண் இன்னும் கொஞ்சம் கூடும். சுண்ணாம்பு மட்டும் போதாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஃப்ளோரைடு ஏன் சில கிணறுகளில் மட்டும் ஏறுகிறது என்பது விளங்கும். அந்தப் பகுதியின் அடிப்பாறைகளில் ஃப்ளோரைடு கொண்ட கனிமங்கள் இருக்கின்றன. நீர் நெடுங்காலம் பாறையோடு தங்கும்போது அது கரைந்து வருகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடு ஓர் எல்லைக்கு மேல் ஏற முடியாது, கால்சியம் ஃப்ளோரைடாக விழுந்துவிடும். மழை குறைந்த, வறண்ட நிலத்தில் நீர் காரமாகி, பைகார்பனேட் மிகும்போது கால்சியம் முதலில் கால்சியம் கார்பனேட்டாக விழுந்துவிடுகிறது. சுக்கான் கல்லாக மண்ணில் தங்கிவிடுகிறது. கால்சியம் போன பிறகு ஃப்ளோரைடைத் தடுக்க யாரும் இல்லை. கால்சியம் 20 மில்லிகிராமாகக் குறைந்தால் ஃப்ளோரைடு 5 மில்லிகிராம் வரை ஏறலாம். 5 மில்லிகிராமாகக் குறைந்தால் 10 வரை. சோப்பு நுரைக்காத கடின நீரை நாம் ஒதுக்குகிறோம். ஆனால் இந்தப் பகுதிகளில் நன்றாக நுரைக்கும் மென்மையான நீரில்தான் ஃப்ளோரைடு மிகுந்திருக்க வாய்ப்பு அதிகம். நாக்குக்கும் கைக்கும் இது தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும்.

கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. கொதிக்கும்போது பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. ஃப்ளோரைடு நீரிலேயே இருக்கிறது. நீர் கொஞ்சம் ஆவியாகிவிடுவதால் அதன் செறிவு உண்மையில் கூடுகிறது. கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து, ஃப்ளோரைடுக்கு இல்லை.

நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை வேறு வழியில் போகிறது. சுண்ணாம்போடு படிகாரமும் சேர்ப்பார்கள். படிகாரத்தின் அலுமினியம், பட்டியலின் ஹைட்ராக்சைடு விதிப்படி, அலுமினியம் ஹைட்ராக்சைடாகக் கொழகொழவென்று திரண்டு விழும். கலங்கிய ஆற்று நீரைப் படிகாரம் தெளிய வைப்பதும் இதே திரளால்தான். ஃப்ளோரைடு தானாக வீழ்படிவாவதில்லை; அந்தத் திரளின் மேல் ஒட்டிக்கொண்டு கூடவே இறங்குகிறது. தன் கரைதிறன் எல்லைக்கு வெகு கீழே இருக்கும் ஓர் அயனியை, இன்னொரு வீழ்படிவைக் கொண்டு இழுத்து இறக்குகிறோம். இதில் அளவு முக்கியம். படிகாரம் கூடினால் நீரில் அலுமினியமும் சல்பேட்டும் மிஞ்சும், அதனால் ஒவ்வொரு கிணற்று நீருக்கும் தனியாக அளவு கணக்கிட வேண்டும். சேறாகச் சேரும் கழிவையும் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். கிராமத்தில் தினமும் இதைச் சரியாகச் செய்ய ஆள் வேண்டும். கடைசியில் அந்த இரு மாவட்டங்களுக்கும் பெரிய அளவில் வந்த தீர்வு நீரையே மாற்றுவதுதான்: 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் குழாயில் வருகிறது.

அந்தப் பகுதியில் பாடம் நடத்தும் வேதியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர்க் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை ஒன்றை வாங்கி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அதில் கால்சியம் என்றும் ஃப்ளோரைடு என்றும் இரண்டு எண்கள் இருக்கும். கால்சியத்தை 40-ஆலும் ஃப்ளோரைடை 19-ஆலும் வகுத்து, ஆயிரத்தாலும் வகுத்தால் மோலார் செறிவு வந்துவிடும். கால்சியத்தை ஃப்ளோரைடின் இருமடியால் பெருக்கி, 3.5 × 10⁻¹¹-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடை அதற்குக் கீழே இருந்தால், அந்த நீர் பாறையிலிருந்து இன்னும் ஃப்ளோரைடை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. அந்தக் கிணற்றை அடுத்த ஆண்டும் பரிசோதிக்க வேண்டும்.